250 லிட்டர் சேறு: முதல் தடவை சொதப்பினதும் ரெண்டாவது தடவை தேறினதும்

போன மே மாச லீவுல என் பொண்ணுக்கு ஏழு வயசு முடிஞ்சுது, பர்த்டேக்கு கேக் வேணாம் பலூன் வேணாம், சேத்துல விளையாடணும்னு ஒத்தக்கால்ல நின்னா. கொரியாவுல போரியோங்னு ஒரு ஊர் இருக்கு, அங்க தேச்சோன் பீச்ல வருஷா வருஷம் ஜூலை மாசம் சேத்துத் திருவிழா நடக்கும், அந்த வீடியோவைப் பாத்துட்டா. பெரியவங்க சின்னவங்கன்னு இல்லாம ஆயிரக்கணக்குல தலையில இருந்து கால் வரைக்கும் சாம்பல் கலர்ல பூசிக்கிட்டு ஒரு பெரிய காத்தடிச்ச பூல்ல விழுந்து எந்திரிக்கிறாங்க. 1998-ல ஆரம்பிச்ச விழா அது, அந்த ஊர்ச் சேத்துல செஞ்ச அழகு சாதனப் பொருளை விளம்பரம் பண்ணத்தான் ஆரம்பிச்சாங்களாம். நான் அப்போ கவனிக்காத விஷயம் ஒண்ணு இதுல இருக்கு, அவங்க எடுக்கிறது கடலோர அலைச்சேறு, அதுலயும் முகத்துல பூசுற கிரீம் செய்யுற அளவுக்கு மெல்லிசான மண்ணு. நான் என்ன நெனச்சேன்னா மண்ணு பிளஸ் தண்ணி, அவ்வளவுதானே. இந்த மொத்தப் பதிவும் அந்த "அவ்வளவுதானே"வுக்கு நான் கட்டின அபராதம் பத்திதான்.

வீடு செங்கல்பட்டு பக்கம், பின்னாடி கொஞ்சம் எடம், ஒரு வேப்ப மரம், ஒரு தென்னை. பசங்க எட்டு பேரு, நாலு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும். பூல் 6 அடி வட்டம், காத்தடிச்ச ஓரம் போக உள்ள 5 அடி தேறும். 14 செ.மீ. உயரத்துக்குச் சேறு நெரப்பினா ஏறக்குறைய 250 லிட்டர். முதல்ல மொட்டை மாடியில வெக்கிறதாத்தான் பிளான், கீழ வீடு நாறாதுன்னு. என் மச்சினன் பைலிங் சைட்ல, அதாவது கட்டடத்துக்கு ஆழமாத் தூண் எறக்குற எடத்துல இன்ஜினியர், அவன்தான் கையைப் புடிச்சு நிறுத்தினான். "மாமா, ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875-ங்கற கட்டட பார விதியில சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்குதான் போடுவாங்க, 14 செ.மீ. வெறும் தண்ணியே 140 கிலோ ஆயிடும், சேறுன்னா 185 வரும், அது மேல எட்டு பசங்க குதிக்கப் போறாங்க, என்ன விளையாடுறீங்களா?" உடனே எல்லாம் இடிஞ்சு விழுந்துடும்னு இல்ல, ஆனா பழைய வீடு, மழைக்கு ஏற்கனவே ஒழுகுற தளம், எதுக்கு வம்புன்னு தோட்டத்துக்கு எறங்கிட்டோம். வேப்ப மர நெழல்ல வெச்சது பின்னாடி வேற ஒரு விதத்துலயும் நல்லதாப் போச்சு, அதை அப்பறம் சொல்றேன்.

எந்த மண்ணுன்னு கேட்டப்போ அம்மா சிரிச்சாங்க. "ஏரி இருக்கும்போது மண்ணுக்கு ஆராய்ச்சியாடா, நாங்கல்லாம் அதுலதான் பொரண்டோம்." உண்மைதான், அவங்க பொரண்ட ஏரியில சாக்கடை கலக்கல, பீர் பாட்டில் ஒடஞ்சு கெடக்கல. இப்போ எங்க ஏரிக்கரையில நாயி, மாடு, பன்னி எல்லாம் இருக்கு. கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாவே உள்ள போகும், எலி மூத்திரத்துல வர்ற லெப்டோஸ்பைராங்கற எலிக்காய்ச்சல் கிருமிக்கு சின்னக் கீறல் இருந்தாப் போதும். அமெரிக்காவுல 2012 அக்டோபர்ல நெவாடாவுல மாட்டுப் பண்ணை நெலத்துல ஒரு சேத்து ஓட்டப் பந்தயம் நடந்து, தெரியாம வாயில போன சேத்துத் தண்ணியால 22 பேருக்கு கேம்பிலோபாக்டர்ங்கற பாக்டீரியாவால வயித்துப்போக்கு வந்ததா அரசாங்க ஆய்வறிக்கையே இருக்கு, அவங்கல்லாம் வளந்த ஆளுங்க. நம்ம பக்கத்துல கேரளாவுல 2024-ல குளத்துல குளிச்ச பசங்களுக்கு மூக்கு வழியா அமீபா மூளைக்குப் போய் செத்த செய்தி படிச்சிருப்பீங்க. அந்த அமீபா சூடான தேங்கின தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கிறது. அதனால ஏரி மண் வேணாம்னு முடிவு பண்ணேன், அது ஒண்ணுதான் முதல் தடவை நான் சரியாப் பண்ணது.

அடுத்து வந்ததுதான் வினை. மச்சினன் சைட்ல பென்டோனைட் மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருப்பாங்க. பைல் போட ஆழமாக் குழி தோண்டும்போது பக்கச் செவுரு சரியாம இருக்க இந்த மண்ணுக் கரைசலைத்தான் குழி முழுக்க நெரப்புவாங்க, சென்னை மெட்ரோ வேலை நடக்கும்போது சாம்பல் கலர்ல வழவழன்னு ரோட்டுல வழிஞ்சு கெடந்துச்சே, அதேதான். குஜராத் கட்ச்லயும் ராஜஸ்தான் பார்மர்லயும் வெட்டி எடுக்கிறது. "சுத்தமான களிமண்ணு மாமா, பூமிக்கு அடியில இருந்து வருது, கிருமி கிடையாது, கொஞ்சம் போட்டாலே நெறைய உப்பும்"னு ஒரு கடையில சொல்லி வாங்கிக் கொடுத்தான். 15 கிலோ போட்டா 200 லிட்டருக்குப் போதும்னு கணக்கு. சாதா மண்ணுன்னா 130 கிலோ சுமக்கணும், அதுக்கு 15 கிலோ எவ்வளவு சுளுவு, நானும் மயங்கிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில, பர்த்டேக்கு ஒரு வாரம் முன்னாடி, ஒத்திகைன்னு சொல்லி என் ரெண்டு பசங்களையும் பக்கத்து வீட்டு பையனையும் மட்டும் வெச்சு ஆரம்பிச்சேன். பவுடரை பூல்ல கொட்டினேன், மேல ஓஸ்ல போர் தண்ணிய விட்டேன். ரவை உப்புமாவுக்குத் தண்ணியில ரவைய ஒரே அடியாக் கொட்டினா என்ன ஆகும்? அதே கதை. வெளிய ஜவ்வு மாதிரி ஒரு தோலு, உள்ள காஞ்ச பவுடர், எலுமிச்சம்பழ சைசுல நூத்துக்கணக்குல கட்டி. தொடப்பக் கட்டைய வெச்சு அடிச்சேன், கையால நசுக்கினேன், ஒரு மணி நேரம் ஆச்சு. அப்பவும் அது சேறு மாதிரி இல்ல, கஞ்சிக்கும் ஜெல்லிக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு. கலக்கும்போது தண்ணி மாதிரி ஓடும், நிறுத்தினா நிமிஷத்துல ஒறஞ்சு நிக்கும். சைட்ல குழிச் செவுத்தப் புடிச்சு வெக்கிற குணமே அதுதான், எங்க பூல்ல அது வேற வேலை காமிச்சுது. பையன் எறங்கின முதல் அடியிலேயே வழுக்கி உக்காந்தான், எந்திரிக்கப் போனான், மறுபடி. வெண்ணை மேல நிக்க முடியுமா? அழுகையும் சிரிப்புமா ஒரு பத்து நிமிஷம் போச்சு.

அப்போ அம்மா வந்தாங்க. "என்ன கருமத்தக் கரைச்சு வெச்சிருக்கியோ, கொஞ்சம் மஞ்சளாவது போடு, புண்ணு கிண்ணு ஆவாது"ன்னு ஒரு கைப்பிடி மஞ்சத்தூளை எடுத்துத் தூவிட்டாங்க. தூவின எடமெல்லாம் செவந்துச்சு. நல்ல ஆரத்தித் தட்டு செவப்பு இல்ல, செங்காவி கலந்த மாதிரி, ஆனா செவப்புதான். அம்மா சகுனம் சரியில்லன்னு முகம் சுளிச்சாங்க, எனக்கு வேற மாதிரி ஒறைச்சுது. ஆரத்தி எப்படி செவக்குது? மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போடுறதால. காரம் (மொளகாக் காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரானது) பட்டா மஞ்சள் செவக்கும். அப்போ இந்தச் சேத்துலயும் காரம் இருக்குன்னு அர்த்தம். மச்சினனுக்கு போன் போட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்பறம் "ஆமா மாமா... பைலிங் கிரேடுல சோடா ஆஷ், அதான் சலவைச் சோடா, கலந்துதான் வரும், காரத்தை அளக்கிற பி.எச். ஒன்பதுக்கு மேலதான் வெச்சிருப்போம், அதை நான் யோசிக்கல"ன்னான். அதுக்குள்ள பையன் தொடை நமைக்குதுன்னு சொறிய ஆரம்பிச்சிட்டான். பெருசா ஒண்ணும் ஆகல, நல்லாக் கழுவி தேங்காண்ணை தடவினதும் சாயங்காலத்துக்குள்ள செவப்பு அடங்கிடுச்சு, ஆனா அன்னிக்கு என் வீட்டுக்காரம்மா என்னைப் பாத்த பார்வை இன்னும் அடங்கல.

கழுவறதுதான் பெரிய கொடுமை. தண்ணி ஊத்த ஊத்த அது இன்னும் உப்புது, போக மாட்டேங்குது. பொண்ணு தலைமுடியில ஏறினது மூணு தடவை சீயக்காய் போட்டும் விழுந்து விழுந்து வந்துச்சு. பாத்ரூம் டிரெய்ன்ல அடைப்பு, அதை எடுக்க பிளம்பருக்கு தனிச் செலவு. பூல்ல மிச்சம் இருந்த 200 லிட்டரைத் தெளிய விட்டுடலாம்னு வெச்சேன், ஒம்பது நாள் ஆச்சு, ஒரு விரக்கடை கூட தெளியல. கடைசியில படிகாரம் கிலோ கணக்குல போட்டுத்தான் திரிஞ்சு எறங்குச்சு.

எங்க தப்பாச்சு

அடுத்த நாலு நாள் ராத்திரி இதையேதான் படிச்சேன். களிமண்ணுன்னு நாம ஒரே பேர்ல கூப்பிடுறது ஒரே சாமான் இல்ல. ரெண்டு மைக்ரானுக்குக் கொறைஞ்ச துகள் எல்லாம் களின்னு ஒரு கணக்கு இருக்கு, ஆனா அந்தத் துகள் உள்ள எப்படிக் கட்டியிருக்குங்கிறதுதான் விஷயம். பென்டோனைட், அப்பறம் சைனா க்ளேன்னு கடையில விக்கிற கேயோலின், ரெண்டுமே மெல்லிசு மெல்லிசாத் தகடு அடுக்கினதுதான். பென்டோனைட்ல தகடுகளுக்கு நடுவுல புடிப்பு கம்மி, தண்ணி உள்ள பூந்து ஒவ்வொண்ணையும் பிரிச்சு வெக்கும், மழைக்காலத்துல நமுத்துப் போன அப்பளக் கட்டு மாதிரி. அதுல சோடா சேத்துட்டா கால்சியம் இருந்த எடத்துல சோடியம் ஏறி இன்னும் பல மடங்கு உப்பும், அதுக்குத்தான் கம்பெனிக்காரங்க சோடா போடுறதே. நம்ம கரிசல் மண்ணு கோடையில வெடிச்சு மழையில வீங்குறதும் இதே குடும்பத்துத் துகளாலதான். கேயோலின் வேற ஜாதி. அதுல தகடுகள் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா ஒட்டியிருக்கும், புதுசாக் கட்டின வெத்தலைக் கட்டு மாதிரி, தண்ணி வெளிப்பக்கம் வழுக்குமே தவிர உள்ள பூராது. உப்பாது, அதனால நெறைய போடணும், அதனாலயே கழுவினா போகும்.

இதுதான் எனக்குக் கெடைச்ச ஒரே பாடம்: கொஞ்சம் போட்டா நெறைய வர்ற மண்ணு, போகும்போதும் நெறையவே இருக்கும். நான் மண்ணைத் தேர்ந்தெடுத்தது எப்படிக் கலக்கறதுங்கற பக்கத்துல இருந்து, தேர்ந்தெடுத்திருக்க வேண்டியது எப்படிக் கழுவறது, எங்க கொட்டறதுங்கற பக்கத்துல இருந்து.

போர் தண்ணியும் ஒரு காரணம். எங்க தண்ணி உப்பு, பாத்திரத்துல வெள்ளையாப் படியும், அதுல இருக்கிற கால்சியம் பென்டோனைட்டை சரியாப் பிரிய விடாது, கட்டி கட்டியா நின்னதுக்கு அதுவும் கூடச் சேந்துக்கிச்சு. கொட்டின வரிசை தப்புங்கறது சொல்லவே வேணாம், தண்ணி முதல்ல, மண்ணு மேல தூவல்.

நாலு பாட்டில்

ரெண்டாவது தடவை வாய்ப்பேச்ச நம்பல. நாலு தண்ணி பாட்டில், நாலு மண்ணு. ஒண்ணு ஏரி மண் (விளையாட இல்ல, ஒப்பிட்டுப் பாக்க), ஒண்ணு சொந்தக்காரர் கொடுத்த கரிசல், ஒண்ணு மிச்சம் இருந்த பைலிங் பென்டோனைட், ஒண்ணு செராமிக் சாமான் விக்கிற கடையில வாங்கின சைனா க்ளே சாம்பிள். கால்வாசி மண்ணு, முக்கால்வாசி தண்ணி, நல்லாக் குலுக்கி ஜன்னல்ல வெச்சோம். ஏரி மண்ணுல ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில மணல் படிஞ்சுது, பாதிக்கு மேல அதுதான், கூடவே நத்தை ஓடு, ஒரு கண்ணாடிச் சில்லு. கரிசல்ல மணல் கம்மி, ஆனா ராத்திரி முழுக்க கலங்கியே இருந்துச்சு. பென்டோனைட் பாட்டில் அப்படியே ஜெல்லியா நின்னுடுச்சு. சைனா க்ளே அடுத்த நாள் காலையில மேல அரை பாட்டில் தெளிஞ்ச தண்ணி, கீழ பால்கோவா மாதிரி வெள்ளையா ஒரே சீரா. நாலுலயும் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டோம், இந்த வேலைய அம்மாகிட்டதான் கொடுத்தேன், அவங்க கண்டுபிடிச்சதாச்சே. பென்டோனைட் செவந்துச்சு, கரிசல் லேசா ஆரஞ்சு தட்டின மாதிரி இருந்துச்சு, சைனா க்ளே மஞ்சளாவே நின்னுச்சு. பி.எச். தாள் வாங்கிப் பாத்தாலும் இதேதான் சொல்லும், ஆனா அஞ்சறைப் பெட்டியில இருக்கிறத எதுக்குக் கடையில தேடணும்.

செம்மண்ணையும் யோசிச்சோம், அதுல இருக்கிற இரும்புத் துரு துணியில ஏறினா போகவே போகாது, எட்டு வீட்டு அம்மாக்களோட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. முல்தானி மட்டி கிலோக்கணக்குல வாங்கினா பர்த்டேக்கு பதில் கடன்தான் கொண்டாடணும்.

பக்கத்து ஊர்ல மண்பாண்டம் செய்யுற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவரைப் போய்ப் பாத்தேன். சைனா க்ளேவக் கையில வாங்கி நாலு சொட்டுத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, கயிறு மாதிரி உருட்டி விரலைச் சுத்தினாரு, வெடிப்பு விட்டுச்சு. "பசை பத்தல தம்பி, பானைக்கு ஆவாது. ஆனா உனக்குப் பானையா செய்யணும்? பசை இருந்தாத்தான் மேல ஒட்டும், ஒட்டினாத்தான் கழுவ முடியாது." அப்பறம் ஒண்ணு சொன்னாரு, "எந்த மண்ணா இருந்தாலும் ஊறணும்யா. ஊறாத மண்ணை மிதிச்சா அது உன்னைத்தான் மிதிக்கும்." ஏரியில மண்ணெடுக்கறதுக்கு 2024-ல இருந்து தாசில்தார் ஆபீஸ்லயே அனுமதி கிடைக்குதாம், அதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸுக்கு அலைஞ்ச கதையெல்லாம் ஒரு அரை மணி நேரம் சொன்னாரு, அது தனிக் கதை.

சைனா க்ளேன்னா ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஈரமா கையில தேச்சுப் பாத்துட்டு "அட, நாமக்கட்டி"ன்னாங்க. தப்பில்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல ஜடேரின்னு ஒரு ஊர், அந்த ஊர் நாமக்கட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடைச்சுது, அவங்களும் வெள்ளைக் களிமண்ணைத் தண்ணியில கரைச்சு, கசடு எறங்க விட்டு, மெல்லிசாத் தெளிஞ்சு வர்றதைத்தான் எடுத்துக் காய வெச்சுக் கட்டி புடிக்கிறாங்க. நெத்தியில வெக்கிறதுக்குத் தேவையான வழவழப்பும், தண்ணி பட்டா சட்டுனு அழியுறதும்தான் எங்களுக்கும் வேண்டியிருந்துச்சு.

ரெண்டாவது கலவை

சைனா க்ளே மட்டும் போட்டா ஒரு குறை, நின்ன எடத்துல அடியில படிஞ்சு கெட்டியாகி மேல தண்ணி பிரியும், பசங்க ஓஞ்சு உக்காந்தாங்கன்னா பத்து நிமிஷத்துல காலுக்கடியில மாவு மாதிரி இறுகும். அதைத் தாங்கிப் புடிக்க ஒரு கை பென்டோனைட் வேணும், சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. ஆனா சோடா போடாததா இருக்கணும். செராமிக் கடையிலயே சோடா சேக்காத இயற்கை பென்டோனைட் கெடைச்சுது, மஞ்சள் சோதனையில லேசாத்தான் நெறம் மாறுச்சு. எர்த்திங் குழிக்குன்னு விக்கிறதை மட்டும் தொட்டுடாதீங்க, அதுல உப்பு, கிராஃபைட் மாதிரி என்னென்னவோ கலந்திருப்பாங்க. சைனா க்ளேலயும் பெயின்ட் கம்பெனிக்கு, ரப்பருக்கு, செராமிக்குக்குன்னு பல தரம் இருக்கு, எதுவும் சேக்காத, கழுவி எடுத்த செராமிக் தரம்னு கேட்டு, சோதனைச் சான்றிதழ்ல ஈயம் ஆர்செனிக் எவ்வளவுன்னு பாத்துட்டுதான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பாத்தாரு. பாத்துட்டுப் போகட்டும்.

கடைசி அளவு இது. தண்ணி 200 லிட்டர், சைனா க்ளே 125 கிலோ, பென்டோனைட் 4 கிலோ. 125 கிலோ மண்ணு கேக்கப் பெருசா இருக்கும், தண்ணிக்குள்ள போனா 48 லிட்டர் எடம்தான் அடைக்கும், ஏன்னா அதோட அடர்த்தி தண்ணியப் போல 2.6 மடங்கு. மொத்தம் 250 லிட்டர். போர் தண்ணி வேணாம்னு குடிக்கிற தண்ணி லாரிய வரவழைச்சோம், நல்லாக் கரையணும்னு மட்டும் இல்ல, வாயில போனாக்கூட பரவால்லன்னு.

முந்தின நாள் சாயங்காலம் நாலு பிளாஸ்டிக் டிரம், ஒவ்வொண்ணுலயும் 50 லிட்டர் தண்ணி. முதல்ல பென்டோனைட், ஒரு டிரம்முக்கு ஒரு கிலோ, மாவு சலிக்கிற சல்லடையில தட்டித் தட்டித் தூவினேன், மச்சினன் டிரில்லுல பெயின்ட் கலக்குற கம்பிய மாட்டி சுத்திக்கிட்டே இருந்தான், பாவம் பரிகாரம் பண்ணணும்னு அவனே வந்துட்டான். ரெண்டு மணி நேரம் விட்டு அப்பறம் சைனா க்ளே, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா, தானா முங்கற வரைக்கும் காத்திருந்து அடுத்தது. அவசரப்பட்டுக் கலக்காதீங்க, தானா முங்குனதுல கட்டியே இல்ல. நாங்க ரெண்டு பேரும் என்95 மாஸ்க் போட்டிருந்தோம், பசங்கள வீட்டுக்குள்ள பூட்டி வெச்சோம், ஏன்னா இந்தக் காஞ்ச தூசியில சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாயிட்டா அந்த பயம் இல்ல. மூடி போட்டு நெழல்ல ஒரு ராத்திரி.

ஏன் ரெண்டு மூணு நாள் ஊற வெக்கலன்னு கேப்பீங்க, பெரியவர் கூட அதைத்தான் சொன்னாரு. பானைக்கு அது சரி. மே மாச வெயில்ல தேங்கின வெதுவெதுப்பான சேறு கிருமிக்குக் கல்யாண வீடு. குளோரின் போட்டுடலாமேன்னா, சேத்துல போட்ட குளோரினை மண்ணும் அதுல இருக்கிற மத்த கசடும் முழுங்கிடும், நீச்சல் குளத்துல வேலை செய்யற மாதிரி செய்யாது. அதனால ராத்திரி ஊறணும், காலையில நெரப்பணும், மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணும். நாங்க வெச்ச ஒரே கண்டிப்பான ரூல், தலைய முக்கக் கூடாது, மூக்குக்கு மேல சேறு போகக் கூடாது. ஒடம்புல காயம் இருந்தா வெளிய நின்னு ஓஸ் புடிக்கிற வேலை.

காலையில எட்டு மணிக்கு ஊத்தினோம். அடியில பழைய பெட்ஷீட் ரெண்டு மடிச்சுப் போட்டுதான் பூலை வெச்சிருந்தோம், கல்லு குத்தாம இருக்க. பதம் பாக்க கையை முக்கி எடுத்தேன், நகம் தெரியல, விரல் நுனியில இருந்து சொட்டு சொட்டா விழுந்துச்சு, கேழ்வரகுக் கூழ் ஆறினா இருக்குமே அந்தப் பதம். இட்லி மாவு பதத்துக்குக் கெட்டியாப் பண்ணா கால் எடுக்கறதுக்கே நாலு வயசுப் புள்ளைக்குக் கஷ்டம், மோர் பதம்னா மேல ஒட்டாது. கடைசிக் கலக்கல நாங்க பண்ணல, எட்டு பேரையும் எறக்கி "மிதிங்கடா"ன்னு விட்டோம், மண்ணு மிதிக்கிற பெரியவர் மாதிரி சுத்திச் சுத்தி மிதிச்சாங்க, அதுவே முதல் அரை மணி நேர விளையாட்டு ஆயிடுச்சு.

வழுக்கல் இருந்துச்சு, ஆனா நிக்க முடிஞ்சுது. பூல்ல இருந்து குழாய் வரைக்கும் கோணிப்பை விரிச்சு வெச்சிருந்தோம், ஏன்னா விழறது பூலுக்குள்ள இல்ல, வெளிய சிமென்ட் தரையிலதான். எறங்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் தலையிலயும் ஒடம்புலயும் தேங்காண்ணை, அம்மா நின்னு தேய்ச்சாங்க, கறிக்கு மசாலா தடவுற மாதிரி இருக்குன்னு ஒருத்தன் சொல்லி அடி வாங்கினான். வேப்ப மர நெழலோட அருமை அப்பதான் தெரிஞ்சுது. வெளிய வெயில்ல நின்ன பசங்க மேல சேறு அஞ்சு நிமிஷத்துல காஞ்சு தோலை இழுத்துச்சு, நெழல்ல இருந்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளைச் சேறுங்கறதால பூலும் சூடாகல, கரிசலா இருந்தா பதினோரு மணிக்கு ரசம் மாதிரி கொதிச்சிருக்கும்.

ஒண்ணரை மணி நேரம். அதுக்கு மேல யாருக்கும் தெம்பு இல்ல. கழுவறதுக்கு ஒரு புள்ளைக்கு மூணு நிமிஷம், தோட்டத்துலயே, ஓஸ் தண்ணிதான், சோப்புக் கூட தேவைப்படல. மறந்து போய் காதுக்குப் பின்னாடி விட்டது காஞ்சு திருநீறு மாதிரி உதிந்துச்சு. துணி எல்லாம் ஒரே அலசல்ல போச்சு. ஒருத்தருக்கும் நமைச்சல் இல்ல, அடுத்த ஒரு வாரம் எட்டு வீட்டுக்கும் தினம் போன் பண்ணிக் கேட்டேன், வயித்துப்போக்கும் இல்ல. ஒரு பையனுக்குக் கண்ணுல பட்டு செவந்துச்சு, சுத்தமான தண்ணியில கழுவினதும் சரியாச்சு, அடுத்த தடவை நீச்சல் கண்ணாடி போட்டுடலாம்னு இருக்கேன். இன்னொண்ணு, எவனோ பிளாஸ்டிக் டைனோசர உள்ள கொண்டு போயிட்டான், அதோட வாலு குத்தி ஓரத்துல காத்து எறங்கி பத்து லிட்டர் வெளிய வழிஞ்சுது. பொம்மைய சோதனை போட்டு உள்ள விட்டிருக்கணும்.

கொட்டின கதை

சாக்கடையில ஒரு சொட்டு விடல. அன்னிக்கே டிரம்முக்கு மாத்தினோம், அம்மா தேத்தாங்கொட்டை நாலஞ்சு எடுத்து கல்லுல உரசிக் கலந்தாங்க, அந்தக் காலத்துல கலங்கின ஊருணித் தண்ணிய இப்படித்தான் தெளிய வெப்பாங்களாம். நான் நம்பாம ஒரு டிரம்மைத் தனியா அப்படியே விட்டேன். மறுநாள் காலையில தேத்தாங்கொட்டை போட்ட டிரம்ல மேல நல்லாத் தெளிஞ்சிருந்துச்சு, போடாததுல பாதி கூட இல்ல, மாவு கரைச்ச மாதிரி கலங்கலா நின்னுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, அந்த டிரம்லயும் உரசிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. மேல் தண்ணி தென்னைக்குப் போச்சு, அடி மண்டி தார்ப்பாய்ல விரிச்சு அஞ்சு நாள் வெயில்ல காஞ்சுது, பாளம் பாளமா வெடிச்சு, வெள்ளைக் கரிசல் காடு மாதிரி.

அதை மறுபடி பூலுக்குப் பயன்படுத்தலாம்னு மச்சினன் சொல்றான், 125 கிலோ காசுல வாங்கினதாச்சேன்னு. நான் ஒத்துக்கல. எட்டு பசங்க, அதுல நாலு வயசு ரெண்டு பேரு, ஒண்ணரை மணி நேரமா ஒருத்தன் கூட பாத்ரூம் கேக்கவே இல்ல. நீங்களே யோசிச்சுக்கோங்க. பாதிய தோட்டத்து மணல் தரையில கிளறி விட்டேன், பாதி மூட்டையில கெடக்கு. அதுல இருந்து துண்டு துண்டா ஒடைச்சு என் பொண்ணு திண்ணையில கடை போட்டிருக்கா, நாமக்கட்டி ஒண்ணு பத்து ரூபாயாம், முதல் போணி அவ ஆயாதான், அதுவும் கடனுக்கு.